பைக் ஆயிலை நாமே மாற்றலாமா, பட்டறையிலேயே விடலாமா? தருமபுரி, கிருஷ்ணகிரி வண்டிக்காரர்கள் சொல்லுங்கள்

பென்னாகரம் ஆசிரியர் | ஞாயிறு, காலை 6.50

வணக்கம். என்னிடம் ஒன்பது ஆண்டுப் பழைய ஸ்பிளெண்டர் இருக்கிறது. பென்னாகரத்திலிருந்து தருமபுரிக்குத் தினமும் போய்வருகிறேன். போக வர 60 கிலோமீட்டர் என்றால் மாதத்துக்கு 1,500 கிலோமீட்டர் ஓடிவிடுகிறது. அதனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுகிறேன். மாற்றுவதாக நம்பிக்கொண்டிருந்தேன் என்பதுதான் சரி.

சென்ற முறை மாற்றிய நான்காம் நாள், ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன். ஆயில் கன்னங்கரேலென்று இருந்தது. பட்டறையில் கேட்டதற்கு, "பழைய வண்டி, சீக்கிரம் கறுத்துவிடும்" என்றார்கள். மனம் ஒப்பவில்லை. இந்த முறை வண்டியை விடுவதற்கு முதல் நாள் இரவு, பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டின் தலையிலிருந்து என்ஜின் அடிப்பாகம் வரைக்கும் எழுத்துப் பிழை அழிக்கும் வெள்ளை மையால் ஒரு கோடு இழுத்து வைத்தேன். மறுநாள் மாலை வண்டியை எடுத்துக்கொண்டு 570 ரூபாய் கொடுத்தேன். ஆயில் 450, கூலி 120. வீட்டுக்கு வந்து கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தால் கோடு போட்டபடியே இருக்கிறது. மயிரிழை கூட விலகவில்லை.

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. பணம் போனதைவிட, மூன்று ஆண்டுகளாக நம்பிப் போன இடம் என்பதுதான் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. இனி நானே மாற்றலாம் என்று நினைக்கிறேன். ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லை. செய்து பழகியவர்கள் வழி சொல்லுங்கள்.

பாலக்கோடு தக்காளி விவசாயி | ஞாயிறு, காலை 7.25

தாராளமாக நீங்களே மாற்றுங்கள் சார். 17ஆம் எண் ஸ்பேனர், பழைய வாணலி ஒன்று, புனல், கந்தல் துணி இருந்தால் போதும். பைக்குக்கு அரை மணி நேர வேலை. நான் டிராக்டருக்கே நானாகத்தான் மாற்றுகிறேன். அதில் ஒருமுறை பட்டதைப் பிறகு எழுதுகிறேன், இப்போது மண்டிக்கு நேரமாகிறது.

தருமபுரி பட்டறைக்காரர் | ஞாயிறு, காலை 9.40

ஆசிரியர் ஐயா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு ஒரு வேலையும் ஓடவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கிறேன். போல்ட்டைக் கழற்றாமலேயே காசு வாங்குகிறவன் ஒருவன் இருந்தால் போதும், எங்கள் எல்லார் முகத்திலும் கரி பூசப்படுகிறது.

நீங்களே மாற்றுவதை நான் தடுக்கப் போவதில்லை. ஆனால் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது மாற்றுவதை அல்ல, அளவு பார்ப்பதை. உங்கள் வண்டியில் வடித்துவிட்டு ஊற்றும்போது ஏறக்குறைய 800 மில்லி லிட்டர்தான் பிடிக்கும். அதில் 250 குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு ஆயில் இல்லை என்று பொருள். இருக்கிற கொஞ்சமே சுற்றிச் சுற்றி ஓடி, சீக்கிரம் சூடேறி, சீக்கிரம் கெட்டுப்போகும். என் பட்டறைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப்பேர் ஆயில் பழசானதால் வருவதில்லை, ஆயில் வற்றிப்போனதால் வருகிறார்கள். வத்தல்மலை, தொப்பூர்ப் பக்கம் ஏற்றத்தில் இரண்டாம் கியரில் முக்கிக்கொண்டு போகும் வண்டிகளில் இது இன்னும் அதிகம்.

சமமான இடத்தில் நடு ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். மூன்று நான்கு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, டிப்ஸ்டிக்கைத் துடைத்து, மரையில் திருகாமல் சும்மா உள்ளே வைத்து எடுத்துப் பாருங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே நனைந்திருக்க வேண்டும். திருகி வைத்துப் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டி ஏமாற்றும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை இதைச் செய்தாலே உங்கள் என்ஜினுக்குப் பெரிய உபகாரம்.

ஆயில் வாங்கும்போது டப்பாவில் 10டபிள்யூ-30 என்றும் ஜாசோ என்ற தரக்குறியில் எம்.ஏ அல்லது எம்.ஏ.2 என்றும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் காருக்கு வாங்கிய ஆயில் மிச்சம் இருக்கிறதே என்று அதை ஊற்றிவிடாதீர்கள். பைக்கில் கிளட்ச் தட்டுகள் என்ஜின் ஆயிலிலேயே ஊறிக் கிடக்கின்றன. கார் ஆயிலில் வழுக்குத்தன்மைக்காகச் சேர்க்கும் பொருள்கள் அந்தத் தட்டுகளைப் பிடிக்க விடாது. என்ஜின் உறுமும், வண்டி நகராது. ஏற்றத்தில்தான் தெரியும். இங்கே வெயில் கொளுத்துகிறது, 20டபிள்யூ-50 ஊற்றினால் நல்லது என்றும் சிலர் சொல்வார்கள். பின்னால் வரும் எண், சூடான என்ஜினுக்குள் ஆயில் எவ்வளவு தடிமனாக நிற்கும் என்பதைக் குறிக்கிறது. 30க்காக வடிவமைத்த சிறிய என்ஜினுக்குள் 50ஐத் தள்ளினால் பெட்ரோலும் இழுவையும்தான் வீணாகும். கையேடு சொல்வதை ஊற்றுங்கள்.

ஒன்றை மட்டும் வீட்டில் செய்ய முடியாது. ஸ்பிளெண்டரில் காகித ஃபில்டர் கிடையாது. ஒரு கம்பிச் சல்லடையும், சுழலும் வேகத்தில் கசடை ஓரத்தில் ஒதுக்கும் ஒரு கிண்ணமும்தான் ஆயிலைச் சுத்தம் செய்கின்றன. இரண்டும் வலப்பக்கக் கிளட்ச் கவருக்குள் இருக்கின்றன. கவரைத் திறந்தால், கசியாமல் அடைக்கும் பேக்கிங்கையும் மாற்ற வேண்டும். ஒன்பது ஆண்டில் அதை ஒருவராவது திறந்து துடைத்தாரா? உங்கள் கோட்டின் கதையைக் கேட்ட பிறகு எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

பென்னாகரம் ஆசிரியர் | ஞாயிறு, காலை 10.15

ஐயா, இவ்வளவு விவரமாக ஒன்பது ஆண்டில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. டிப்ஸ்டிக்கைத் திருகித்தான் இதுவரை பார்த்துக்கொண்டிருந்தேன். சல்லடை என்று ஒன்று உள்ளே இருப்பதே இன்றுதான் தெரியும்.

காவேரிப்பட்டினம் செவிலியர் | ஞாயிறு, பகல் 1.30

நான் பட்டறைப் பக்கம் பேசுகிறேன். இரவுப் பணி முடிந்து வீட்டுக்கு வந்தால் சமையல், பிள்ளைகள். ஸ்கூட்டரின் அடியில் படுத்து ஆயில் வடிக்க எனக்கு நேரமும் இல்லை, வாடகை வீட்டில் இடமும் இல்லை. 100 ரூபாய் கூலி கொடுப்பதில் எனக்கு வருத்தமே கிடையாது. நாம் வாங்குவது வேலையை மட்டுமா, நம் நேரத்தையும் சேர்த்துத்தானே.

ஆனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பக்கத்திலேயே நிற்பேன். ஆயிலை நானே வாங்கிக்கொண்டு போவேன். மூடியின் முத்திரையை என் எதிரில் உடைக்க வேண்டும். பழைய ஆயில் வடிவதை நான் பார்க்க வேண்டும். காலி டப்பாவைக் கையோடு எடுத்துவந்து ஆணியால் குத்தி ஓட்டை போட்ட பிறகுதான் குப்பையில் போடுவேன். நல்ல டப்பாவைக் காயலான் கடையிலிருந்து வாங்கி, கழிவு ஆயிலை வடிகட்டி நிரப்பி, புதிதென்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். 

ஸ்கூட்டர் வைத்திருக்கும் அக்கா தங்கைகளுக்கு ஒரு செய்தி. ஆக்டிவா போன்ற வண்டிகளில் கிளட்ச் ஆயிலில் ஊறுவதில்லை. அதற்கு எம்.பி என்று போட்ட ஆயில்தான். எல்லா டப்பாவும் ஒன்றுதான் என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். பின்சக்கரத்தருகே கியர் பெட்டிக்குத் தனியாக ஒரு சிறிய அளவு ஆயில், 120 மில்லி லிட்டர் போல, இருக்கிறது. அதை மாற்றினீர்களா என்று நாம் கேட்டாலொழிய யாரும் தொடுவதில்லை. பின்னால் வண்டு ரீங்கரிப்பது போல ஓசை வந்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

ஓசூர் மூன்றாம் ஷிப்ட் | ஞாயிறு, மாலை 4.05

ஆசிரியர் சார், நீங்களே செய்வதென்றால் நான் செய்த தவற்றைச் செய்யாதீர்கள். உதிரிபாகத் தொழிற்சாலையில்தான் வேலை பார்க்கிறேன். அங்கே ஒவ்வொரு போல்ட்டுக்கும் இவ்வளவு முறுக்கு என்று அளவு எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அதைத் தினமும் பார்க்கிற நானே வீட்டில், கசிந்துவிடக் கூடாதே என்று ஸ்பேனருக்குப் பின்னால் ஒரு குழாயைச் செருகி அழுத்தி முறுக்கினேன். போல்ட் இரும்பு, என்ஜின் உடம்பு அலுமினியம். எது தோற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மரை அப்படியே சுருள் சுருளாக வெளியே வந்துவிட்டது. வண்டியை லேத் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போய்ப் பெரிய மரை எடுத்துப் பெரிய போல்ட் போட்டேன். மிச்சம் பிடிக்க நினைத்தது 100 ரூபாய், செலவானது 700 ரூபாயும் ஒரு நாள் சம்பளமும்.

என்ஜின் இளஞ்சூடாக இருக்கும்போது கழற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், கை வெந்துவிடும். பூட்டும்போது முதலில் விரலால் திருகுங்கள். விரலுக்கே வழுக்கிக்கொண்டு போக வேண்டும். இடறினால் மரை மாறி ஏறுகிறது, கழற்றிவிட்டு மறுபடி தொடங்குங்கள். வாஷர் உட்கார்ந்தபின் ஸ்பேனரால் கால் சுற்று போதும். வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். அது நசுங்கித்தான் அடைக்கிறது, ஒருமுறை நசுங்கியது இன்னொரு முறை நசுங்காது. 10 ரூபாய்ப் பொருள். வாஷரை மிச்சம் பிடித்துவிட்டுக் கசிவை நிறுத்தப் பலத்தைக் காட்டுவதால்தான் மரை போகிறது.

முடிந்தால், முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்குங்கள். என் தெருவில் நான்கு பேர் சேர்ந்து வாங்கி வைத்திருக்கிறோம்.

பாலக்கோடு தக்காளி விவசாயி | ஞாயிறு, இரவு 8.20

காலையில் விட்ட கதை. டிராக்டரில் கிலோமீட்டர் கணக்குக் கிடையாது, மணிக்கணக்குத்தான். என் வண்டிக்கு 250 மணிக்கு ஒருமுறை ஆயில், ஃபில்டர் இரண்டும் மாற்ற வேண்டும். மெக்கானிக்கைத் தோட்டத்துக்கு வரவழைத்தால் வண்டிச் செலவு, சாப்பாடு, கூலி எல்லாம் நம் தலையில். ஏழெட்டு லிட்டர் பிடிக்கும் வண்டியில் கூலி மிச்சம் என்பது சின்னக் காசில்லை. அதனால் கற்றுக்கொண்டேன்.

இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ, பழைய ஃபில்டரைச் சங்கிலி போட்டுத் திருகிக் கழற்றினேன். புதியதைப் பூட்டினேன். ஆயில் ஊற்றி ஓடவிட்டேன், ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் உழவுக்கு இறக்கி, என்ஜின் வேகம் ஏறிய பத்தாவது நிமிடம், ஃபில்டர் பக்கத்திலிருந்து ஆயில் பீச்சியடித்தது. சால் முழுக்கக் கறுப்பு. ஆயில் விளக்கு எரிந்ததைப் பார்த்த நொடியே அணைத்ததால் என்ஜின் தப்பியது. இறங்கிப் பார்த்தால், பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் மேலேயே புதிய வளையத்தோடு பூட்டியிருக்கிறேன். இரண்டு வளையம் ஒன்றின்மேல் ஒன்று இருந்தால் அழுத்தம் ஏறும்போது பிதுங்கிவிடும்.

அன்றிலிருந்து கழற்றிய ஃபில்டரில் வளையம் வந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. புதிய வளையத்தில் ஆயிலைத் தடவி, கையாலேயே இறுக்குவேன். புல்லட், கார், டிராக்டர் எது வைத்திருந்தாலும் ஃபில்டர் மாற்றுகிறவர்கள் இதை மறக்காதீர்கள்.

ஊத்தங்கரை கார்க்காரர் | திங்கள், காலை 8.00

என்னுடையது பெட்ரோல் கார். 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அப்போது ஆயில் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறைதான் என்பதால் வீட்டிலேயே செய்யலாம் என்று தோன்றுகிறது. ஜாக்கி வண்டியோடு வந்தது இருக்கிறது. வீட்டுக் கட்டுமானத்தில் மீந்த ஹாலோ பிளாக் கற்களை முட்டுக்கொடுக்கலாம் அல்லவா?

தருமபுரி பட்டறைக்காரர் | திங்கள், காலை 8.10

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

வண்டியோடு வரும் ஜாக்கி சக்கரம் மாற்றுவதற்கு மட்டும்தான். அதை நம்பி ஒரு கையைக்கூட அடியில் நீட்டக் கூடாது. ஹாலோ பிளாக் பாரம் ஏறினால் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். விரிசல் விட்டு, ஓசை கொடுத்து, நமக்கு விலக நேரம் தந்து உடைகிற பொருள் இல்லை அது. காரை ஏற்றி நிறுத்த இரும்பு ரேம்ப் அல்லது ஜாக் ஸ்டாண்டு, கெட்டியான சமதரை, பின்சக்கரத்துக்கு அடைக்கட்டை, இவை எல்லாம் இருந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் குழியோ லிஃப்டோ இருக்கும் பட்டறைக்குப் போங்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஆயிரம் ரூபாய் மிச்சத்துக்காக ஒன்றரை மணி நேரம் ஒரு டன் இரும்புக்குக் கீழே படுக்க வேண்டியதில்லை.

வண்டி வாரண்டிக்குள் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இருந்தால் நிறுவன சர்வீஸிலேயே செய்து ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் என்ஜினில் ஏதாவது என்றால் முதலில் கேட்பது அந்த ரசீதைத்தான்.

ஊத்தங்கரை கார்க்காரர் | திங்கள், காலை 8.45

நன்றி ஐயா. வாரண்டி இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. சர்வீஸிலேயே விடுகிறேன். ஹாலோ பிளாக் யோசனையைக் கைவிட்டேன்.

பர்கூர் கல்வண்டி | திங்கள், மாலை 6.30

எங்கள் பக்கம் கிரானைட் தூசு. ஆயிலைவிட ஏர் ஃபில்டரைப் பாருங்கள். அது கிழிந்திருந்தாலோ சரியாக உட்காராவிட்டாலோ கல்தூள் உள்ளே போய் ஆயிலில் கலந்து உப்புத்தாள் போலத் தேய்க்கும். அப்புறம் எத்தனை முறை ஆயில் மாற்றினாலும் பயனில்லை. லாரியானாலும் பைக்கானாலும் இதுதான்.

பழைய ஆயிலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். வேலியோரம் ஊற்றினால் புல் முளைக்காது, கரையானும் வராது.

காவேரிப்பட்டினம் செவிலியர் | திங்கள், இரவு 7.15

அண்ணா, ஏர் ஃபில்டரைப் பற்றிச் சொன்னது நல்ல செய்தி. வேலியோரம் ஊற்றுவதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. புல்லே முளைக்காத இடத்தில் தண்ணீர் மட்டும் நன்றாக இருக்குமா? நம் இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஏற்கெனவே புளோரைடு. பல் கறை படிந்த பிள்ளைகளையும், எலும்பு வளைந்து குனிய முடியாத பெரியவர்களையும் பார்த்துக்கொண்டுதான் வேலை செய்கிறேன். அதற்காகத்தானே ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தார்கள். இருக்கிற நஞ்சு போதாதென்று கழிவு ஆயிலையும் நம் கையாலேயே மண்ணில் விட வேண்டுமா? என்ஜினில் ஓடிய ஆயிலில் உலோகத்துகள், எரிந்த கசடு எல்லாம் இருக்கின்றன. தோலில் படிந்தபடி விடுவதே கெடுதல். கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

வீட்டிலேயே மாற்ற விரும்புகிறவர்கள் பழைய ஆயிலை எங்கே கொடுப்பது என்று முடிவுசெய்துவிட்டு போல்ட்டில் கை வையுங்கள்.

தருமபுரி பட்டறைக்காரர் | திங்கள், இரவு 9.30

செவிலியர் அம்மா சொல்வது சரி. 2016ஆம் ஆண்டு விதிகளின்படி பழைய ஆயில் அபாயகரமான கழிவு. பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம்தான் போய்ச்சேர வேண்டும். நான் 200 லிட்டர் பீப்பாயில் சேர்த்துவைக்கிறேன். நிறைந்ததும் உரிமம் உள்ளவர்கள் வந்து எடுத்துப்போகிறார்கள். முன்பெல்லாம் சென்ட்ரிங் வேலைக்காரர்கள் பலகையில் தடவ வாங்கிப்போவார்கள், நானும் கொடுத்திருக்கிறேன். இப்போது கொடுப்பதில்லை.

வீட்டில் மாற்றுகிறவர்கள் பழைய ஆயிலைத் தண்ணீர், பெட்ரோல், மண் எதுவும் கலக்காமல் மூடியுள்ள கேனில் ஊற்றி அருகிலுள்ள பட்டறையில் கொடுங்கள். என்னிடம் ஆயில் மாற்றாதவர்கள் கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்வேன். அதைக் கேனில் ஊற்றும் முன் ஒரு வெள்ளைத் துணியில் சிறிது தொட்டுப் பாருங்கள். மின்னும் துகள் இருந்தால் உள்ளே ஏதோ தேய்கிறது. பாலாடை போலக் கலங்கியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஒவ்வொரு வண்டியிலும் நாங்கள் முதலில் பார்ப்பது இதைத்தான்.

பர்கூர் கல்வண்டி | திங்கள், இரவு 9.50

தங்கை சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணறு அந்த வேலியிலிருந்து முப்பது அடிதான். இனிமேல் ஊற்றமாட்டேன். என்னிடம் இருக்கும் இரண்டு கேனையும் லாரி ஷெட்டில் கொடுத்துவிடுகிறேன்.

பென்னாகரம் ஆசிரியர் | அடுத்த ஞாயிறு, காலை 11.20

இன்று மாற்றினேன். எல்லாருக்கும் நன்றி. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஆயில் 410 ரூபாய், வாஷர் 10. ஸ்பேனர் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியது. எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் டார்ச் பிடித்தாள். வெள்ளைக் கோடு இன்னும் இருந்தது. போல்ட் கழன்றபோது அந்தக் கோடு இரண்டாகப் பிரிந்ததைப் பார்த்ததும் எனக்குள் இருந்த கோபத்தில் பாதி இறங்கிவிட்டது.

வடிந்ததை மகளின் யோசனைப்படி சமையலறை அளவுக் குவளை போன்ற ஒரு பழைய குவளையில் அளந்தோம். 520 மில்லி லிட்டர்தான் வந்தது. வண்டியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தும் அவ்வளவுதான். தார் போல இருந்தது. வெள்ளைத் துணியில் தொட்டேன், மின்னும் துகள் ஒன்றிரண்டு இருந்தது போலத் தெரிகிறது, உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. படம் எடுத்து வைத்திருக்கிறேன். விரலால் போல்ட்டைத் திருகி, கால் சுற்று இறுக்கி, 800 ஊற்றி அளவு பார்த்தேன். மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றது. ஒரு மணி நேரம் கழித்து அடியில் வைத்த செய்தித்தாளில் ஒரு சொட்டும் இல்லை.

மீதி 280 எங்கே போயிற்று என்பதுதான் கேள்வி. கசிவு எங்கும் இல்லை.

தருமபுரி பட்டறைக்காரர் | அடுத்த ஞாயிறு, பகல் 12.05

நன்றாகச் செய்திருக்கிறீர்கள் ஐயா. போனது எரிந்துதான் போயிருக்கிறது. இரண்டு முறையாவது மாற்றாமல் ஏமாற்றியிருக்கிறார்கள், குறைந்ததற்கு மேல்நிரப்பக்கூட இல்லை. அந்தப் பழைய ஆயிலிலேயே ஆறாயிரம் கிலோமீட்டருக்குமேல் ஓடியிருக்கிறது. நாளைக் காலையில் குளிர்ந்த வண்டியைக் கிளப்பும்போது ஒருவரைப் பின்னால் நிறுத்திப் புகையைப் பார்க்கச் சொல்லுங்கள். கிளப்பியவுடன் மட்டும் நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் பழுதாக இருக்கலாம். ஏற்றத்தில் முறுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங். முன்னதற்குச் செலவு குறைவு, பின்னது பெரிய வேலை. 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி அளவு பார்த்து எழுதுங்கள். எவ்வளவு குறைகிறது என்ற கணக்கு கையில் இருந்தால் தேவையில்லாமல் என்ஜினைப் பிரிக்க வேண்டியிருக்காது.

பென்னாகரம் ஆசிரியர் | அடுத்த திங்கள், காலை 7.05

மகளைப் பின்னால் நிறுத்திப் பார்த்தேன். கிளப்பியவுடன் நீலமாக ஒரு கொத்துப் புகை, பிறகு நின்றுவிட்டது. ஏற்றத்தில் கண்ணாடியில் கவனித்தேன், ஒன்றும் தெரியவில்லை. கிலோமீட்டரைக் குறித்துவைத்திருக்கிறேன். 500 ஆக ஒன்பது நாள் ஆகும். அதன்பின் வரும் சனிக்கிழமை வண்டியை உங்களிடம் கொண்டுவருகிறேன். சல்லடையையும் கிண்ணத்தையும் திறந்து துடைத்துவிடுங்கள். திறக்கும்போது நானும் மகளும் பக்கத்தில் நின்று பார்க்கலாமா?

தருமபுரி பட்டறைக்காரர் | அடுத்த திங்கள், காலை 7.20

தாராளமாக. பத்து மணிக்கு வாருங்கள், அப்போதுதான் வெளிச்சம் நன்றாக இருக்கும். கிளட்ச் கவர் பேக்கிங்கை நீங்களே வாங்கி வந்துவிடுங்கள். அந்தப் பழைய ஆயில் கேனையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.